ஒருவரும் மறுக்காத பேரவை

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என் பெறாமகள் ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். இரசாயனவியலில் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை சரிவந்திருக்கிறது. போவதற்கு முன் அவளுடைய பட்டத்தை அந்த நாட்டில் ஒருமுறை மதிப்பிட்டுப் பார்ப்பார்களாம். பெயர், பிறந்த திகதி, பாடசாலை, உயர்தரப் பெறுபேறு என்று மளமளவென்று போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"சின்னம்மா, இதுக்கு என்ன போடுறது?"

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு கேள்விகள். உங்கள் பட்டத்துக்கு அங்கீகாரம் வழங்கிய அமைப்பு எது? அந்த அமைப்பு அரசாங்கத்திடமிருந்தும் பல்கலைக்கழகத்திடமிருந்தும் சுதந்திரமானதா? ஆம் என்றால் சான்று இணைக்கவும், இல்லை என்றால் விளக்கவும்.

அவளோடு அறை எடுத்துத் தங்கியிருந்த பிள்ளை மொறட்டுவையில் பொறியியல் படித்தவள். அவளுக்கும் இதே மாதிரி ஒரு படிவம் வந்ததாம். ஒரே வரியில் எழுதிவிட்டாளாம்: இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம், வொஷிங்டன் உடன்படிக்கை. அவ்வளவுதான், வேலை முடிந்தது. என் பெறாமகள் படித்ததும் அரச பல்கலைக்கழகம்தான். அவளும் இசட் புள்ளியோடு போராடித்தான் உள்ளே போனவள். ஆனால் அவளுக்கு எழுத அந்த ஒரு வரி இல்லை.

"பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எண்டு போடவா?"

"போடு. இரண்டாவதைக் கொஞ்சம் விடு, யோசிச்சுச் சொல்றன்" என்றேன்.

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதில் எனக்கு 20 வருடங்களுக்கு மேலாகத் தெரியும். சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. இதை எழுதுவதற்குக் காரணமும் அந்தத் தயக்கம்தான்.

நான் அரச பல்கலைக்கழகமொன்றில் உதவிப் பதிவாளராகச் சேர்ந்து பிரதிப் பதிவாளராக ஓய்வு பெற்றவள். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை. அதில் பல வருடங்கள் பேரவைக் கூட்டங்களுக்குக் குறிப்பு எடுத்தது என் வேலை. பேரவை என்பது பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் சபை. வெளியில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் விரிவுரை மண்டபம், நூலகம், பகிடிவதை, பட்டமளிப்பு விழா. எனக்கு அது ஒரு நீள்வட்ட மேசை. மாதம் ஒருமுறை, ஒரு சனிக்கிழமை காலை. துணைவேந்தர் தலைமையில், பதிவாளர் செயலாளராக. பதிவாளருக்குப் பின்னால் கதிரை போட்டு நான் கொப்பியோடு இருப்பேன்.

அந்த மேசையில் யார் யார் இருக்கலாம் என்பதை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் சொல்கிறது. துணைவேந்தர், பீடாதிபதிகள், படிப்பு விடயங்களைப் பார்க்கும் சபையான மூதவை தெரிவு செய்து அனுப்பும் இருவர், இவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம், கல்வி, தொழில், வணிகம், நிர்வாகம் என்று ஏதாவது துறையில் சிறந்த சேவை செய்தவர்கள் என ஆணைக்குழு நியமிக்கும் வெளியுறுப்பினர்கள். உள்ளிருப்பவர்களின் மொத்தத் தொகை எவ்வளவோ அதைவிட வெளியுறுப்பினர் ஒருவர் கூட. அந்த ஒருவரில்தான் எல்லாம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு உள்ளே வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்து நின்றாலும், வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரே பக்கம் நின்றால் வாக்கெடுப்பில் தோற்றுப் போவார்கள்.

இதை ஒரு குறையாக மட்டும் பார்க்க முடியாது. பேராசிரியர்களை மட்டும் விட்டால் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது, அப்படி நடந்ததையும் கண்டிருக்கிறேன். நான் குறிப்பெடுத்த காலத்தில் வந்த வெளியுறுப்பினர்களில் சிலரை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் வரவுசெலவுத் திட்டத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் வருவார். ஆனால் அந்த நியமனம் வரும் வழியைப் பாருங்கள். ஆணைக்குழுவில் 7 பேர். எழுவரையும் நியமிப்பவர் ஜனாதிபதி. அந்த எழுவர் பேரவையின் பெரும்பான்மையை நியமிக்கிறார்கள். அந்தப் பேரவை துணைவேந்தர் பதவிக்கு மூன்று பெயர்களைத் தெரிவு செய்து ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஆணைக்குழு சிபாரிசு செய்ய, ஜனாதிபதி மூன்றில் ஒருவரை 3 வருடங்களுக்கு நியமிக்கிறார். முதலாவதாக வந்தவரைத்தான் நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தொடங்குவதும் ஓரிடம், முடிவதும் அதே இடம்.

ஆட்சி மாறிய காலங்களில் எங்கள் அலுவலகத்தில் நாங்கள் செய்யும் முதல் வேலை பேரவை உறுப்பினர்களின் பெயர்ப்பலகைகளைத் திரும்ப அடிக்கக் கொடுப்பது. மூன்று வருடத்துக்கு என்று நியமனக் கடிதம் பெற்றவர்கள் ஒரே வாரத்தில் இராஜினாமாக் கடிதம் தருவார்கள். யாரும் எழுத்தில் கேட்டிருக்க மாட்டார்கள். புதியவர்கள் வருவார்கள். அவர்களில் சிலருக்கு மூதவைக்கும் பேரவைக்கும் உள்ள வித்தியாசத்தையே நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, அரசியல் தலையீடு என்றால் என்ன? அமைச்சர் துணைவேந்தரின் அறைக்குள் வந்து மேசையில் தட்டுவது என்று நினைக்கிறோம். அப்படி ஒரு தடவைகூட நான் கண்டதில்லை. நான் கண்டது தொலைபேசி. வெள்ளிக்கிழமை பின்னேரம், நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு வரும். "மேலிடத்தில விரும்பினம்." இவ்வளவுதான் வசனம். எந்த மேலிடம், யார் விரும்பியது, எதற்கு விரும்பியது, ஒன்றும் கிடையாது. அதற்குக் கோப்பு இலக்கம் இல்லை, திகதி இல்லை, கையொப்பம் இல்லை. சிற்றூழியர் வெற்றிடமா, பட்டியல் வரும், தலைப்பில்லாத ஒரு தாளில். விரிவுரையாளர் தெரிவா, ஒரு பெயர் வரும், தாள்கூட இல்லாமல்.

ஒரு கூட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு நிலையத்துக்குப் பணிப்பாளர் நியமனம். தெரிவுக்குழு நேர்முகம் வைத்து, புள்ளி போட்டு, ஒருவரை முதலாவதாகச் சிபாரிசு செய்திருந்தது. பேரவையில் வெளியுறுப்பினர் ஒருவர் எழுந்து, இரண்டாவதாக வந்தவருக்கு நிர்வாக அனுபவம் கூட, அவரை நியமிக்கலாம் என்றார். நிர்வாக அனுபவத்துக்கு ஏற்கனவே புள்ளி போட்டாயிற்று, திரும்ப ஒருமுறை போட முடியாது என்று ஒரு பீடாதிபதி சொன்னார். ஒரு மணித்தியாலம் போயிற்று. கடைசியில் கை உயர்த்தச் சொன்னார்கள். இரண்டாமவர் வென்றார். மூன்று பேர் தங்கள் மறுப்பைக் காரணத்தோடு குறிப்பில் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு பீடாதிபதிகள், ஒருவர் மூதவைப் பிரதிநிதி. துணைவேந்தர் தலையசைத்தார். நான் எழுதினேன். மூவரும் சொன்னதைச் சொன்னபடியே, மூன்று பந்திகளாக.

திங்கட்கிழமை வரைவைத் தட்டச்சு செய்து பதிவாளரிடம் கொடுத்தேன். புதன்கிழமை திரும்பி வந்தது. அந்த மூன்று பந்திகளுக்கும் மேலே பென்சிலால் ஒரு கோடு. மைகூட இல்லை, பென்சில். ஓரத்தில் "நீண்ட கலந்துரையாடலின் பின் பேரவை தீர்மானித்தது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் அவருடைய அறைக்குப் போனேன். "சேர், மூன்று பேரும் பதியச் சொல்லிக் கேட்டவை" என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்குத் தெரியும் மிஸ். மேலிடத்தில விரும்பேல்லை."

நான் மாற்றி அடித்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் முதலாவது விடயம் வழக்கம்போல முந்தின கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்துவது. மூவரில் ஒருவர் வெளிநாட்டில். ஒருவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். மற்றவர் பார்த்தாரோ தெரியாது. 20 செக்கனில் உறுதிப்படுத்தியாயிற்று. அந்தக் கணத்திலிருந்து அந்த மறுப்பு நடக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து எங்களுக்கு நிறுவன மீளாய்வு வந்தது. ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டுப் பேரவை செய்வது. அதன் கைநூலில் 10 அளவுகோல்கள், முதலாவதே ஆட்சியும் முகாமைத்துவமும். பாடத்திட்டம், கற்பித்தல், பரீட்சை, ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பின்னால்தான். நாங்கள் மாதக்கணக்காகச் சுய மதிப்பீட்டு அறிக்கை எழுதினோம். ஒவ்வொரு வசனத்துக்கும் ஆதாரம் வேண்டும். பெட்டிக் கோப்புகளை வாங்கி, இலக்கம் ஒட்டி, கூட்ட அறையின் சுவர் நீளத்துக்கு அடுக்கினோம். மற்றப் பல்கலைக்கழகங்களின் மூத்த பேராசிரியர்கள் வந்தார்கள். நல்லவர்கள், கெட்டிக்காரர்கள். அவர்களில் வயதான ஒருவர் பேரவைக் கோப்பை எடுத்து, கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகப் படித்தார். மற்றவர்கள் தேநீருக்குப் போன பிறகும் படித்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பை மூடிவிட்டுப் பதிவாளரைக் கேட்டார்: "இரண்டு வருசத்தில உங்கட பேரவையில ஒருவரும் ஒன்றையும் மறுக்கவில்லையே?"

எங்களுக்குள் நல்ல புரிந்துணர்வு இருக்கிறது என்றார் பதிவாளர்.

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தார். நான் அலுமாரித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் பேசவில்லை. அவருக்கு விளங்கியிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் விளங்கியதை அறிக்கையில் எழுத முடியாது. ஆதாரம் வேண்டும். ஆதாரத்தை அடித்து ஒழுங்குபடுத்தியவள் நான்.

பல்கலைக்கழக ஆட்சியில் அரசியல் தலையிட்டால் பட்டத்தின் அங்கீகாரத்துக்கு என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். வேண்டியவருக்கு ஒரு பதவி போய்விட்டதே என்பது பெரிய இழப்பில்லை. பதவிகள் வரும், போகும். அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் உள்ள எதையும் நம்ப முடியாது என்பதுதான் இழப்பு. பேரவைக் குறிப்பைத் திருத்தலாம் என்றால் பரீட்சைச் சபைக் குறிப்பைத் திருத்த முடியாதா? பணிப்பாளரின் புள்ளியைத் திரும்ப எண்ணலாம் என்றால் மாணவரின் புள்ளியை? எங்கள் பரீட்சைப் பகுதியில் அப்படி ஒன்றும் நடந்ததில்லை, அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். இரண்டாம் பரீட்சகர் முறை, வெளிப் பரீட்சகர், கட்டுக் கட்டாக விடைத்தாள், ஆசிரியர்கள் இரவு பகலாகத் திருத்துவார்கள். ஆனால் என் சத்தியத்தை வெளிநாட்டில் இருக்கிற மதிப்பீட்டு அதிகாரி எப்படி அறிவார்? அவர் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டைச் சோதித்துப் பார்த்தவர் உங்கள் வீட்டுக்காரர்தானா, வெளியாளா?

எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் பணம் ஒதுக்குவது ஆணைக்குழு. பேரவைக்கு ஆள் போடுவதும், துணைவேந்தரைச் சிபாரிசு செய்வதும், எத்தனை மாணவரைச் சேர்ப்பது என்று தீர்மானிப்பதும் ஆணைக்குழுதான். தரம் பார்ப்பதும் அதன் கீழுள்ள அமைப்புத்தான். ஏ, பி, சி, டி என்று தரம் போடுவார்கள், டி வந்தால் வெட்கம், பத்திரிகையில் வரலாம். ஆனால் பேரவை சரியாக நடக்கவில்லை, காரணம் சொல், இல்லாவிட்டால் அங்கீகாரத்தை எடுத்துவிடுவேன் என்று சொல்லத் தனியாக ஒருவர் கிடையாது. சுதந்திரமான அங்கீகார ஆணைக்குழு ஒன்றை அமைக்கச் சட்டம் வரப் போகிறது என்று நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பேசினார்கள். வரைவுகளும் வந்தன. எங்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள், எழுதி அனுப்பினோம்.

அப்படிச் சொல்லக்கூடிய ஓர் அமைப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியின் கதை இருக்கிறது. ஐடஹோ மாநிலத்தில் நோர்த் ஐடஹோ கல்லூரி. அதன் அறங்காவலர் சபை 5 பேர், மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்பவர்கள். உள்ளூர்க் கட்சி அரசியல் அந்த மேசைக்கு வந்தது. 2021இல் கல்லூரித் தலைவரைக் காரணம் காட்டாமல் நீக்கினார்கள். அடுத்து வந்தவரை 2022 டிசம்பரில் கட்டாய விடுமுறையில் அனுப்பினார்கள், நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் இருத்தியது. 2023 பெப்ரவரியில் அங்கீகார அமைப்பு அந்தக் கல்லூரிக்குக் காரணம் கேட்கும் கட்டளை அனுப்பியது. ஏன் உங்கள் அங்கீகாரத்தை நீக்கக் கூடாது என்று கேட்பது. பாடங்கள் பிழை என்று அவர்கள் சொல்லவில்லை. ஆசிரியர்கள் மோசம் என்றும் சொல்லவில்லை. சபை நடந்துகொண்ட விதம்தான் குற்றச்சாட்டு. அங்கீகாரம் போனால் மாணவருக்கு மத்திய அரசின் கல்வி உதவிப் பணம் இல்லை, படித்த பாடங்களை வேறு கல்லூரி ஏற்காது. தாதியர் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளைக்கு அந்த ஐந்து பேரின் சண்டையில் என்ன பங்கு? ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு விலை கொடுப்பது அந்தப் பிள்ளைதான்.

ஹங்கேரியில் அரசாங்கம் பல்கலைக்கழகங்களை அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்து, அவற்றின் சபைகளில் ஆளுங்கட்சிக்காரர்களை இருத்தியது. 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அறக்கட்டளைகளோடு புதிய உதவி ஒப்பந்தங்கள் செய்வதை நிறுத்திக்கொண்டது. 21 பல்கலைக்கழகங்களின் மாணவருக்கு இராஸ்மஸ் பரிமாற்றத் திட்டம் கேள்விக்குறியாயிற்று. தமிழ்நாட்டில் ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் 2023 ஆகஸ்டிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் நீண்ட காலம் துணைவேந்தர் இல்லாமல் கிடந்தது. நோய் ஒன்றுதான், நாட்டுக்கு நாடு வேறு இடத்தில் வலிக்கிறது.

எங்கள் நாட்டில் அது வெறும் பதவிச் சண்டையாக மட்டும் இருக்கவில்லை. தேர்ஸ்டன் வீதி என்று நாங்கள் இன்னும் சொல்லும் குமாரதுங்க முனிதாச மாவத்தையில் 155ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கொலிஜ் ஹவுஸ் தெரியும். அழகான பழைய வீடு. அதற்குள் தன்னுடைய அலுவலகத்தில் 1989 மார்ச் 8ஆம் திகதி துணைவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர சுட்டுக் கொல்லப்பட்டார். அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்கள் செய்த கொலை அது. அதற்குப் பிறகு 2006 டிசம்பர் 15. கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத், கொழும்பில் விஞ்ஞானிகளின் மாநாடொன்றுக்கு வந்த இடத்தில் காணாமல் போனார். அவரைப் பதவி விலகச் சொல்லி அதற்கு முன்பே அவருடைய கலைப்பீடாதிபதியைக் கடத்தி வைத்திருந்து பிறகுதான் விட்டார்கள். பட்டப்பகல், சோதனைச் சாவடிகள் நிறைந்த நகரம். இன்று வரை அவர் திரும்பவில்லை. பதவியை விடு என்ற தொலைபேசி அழைப்புக்கும் இதற்கும் தூரம் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. ஆனால் பாதை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தொலைபேசி மணி அடித்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் ஏன் கேள்வி கேட்கவில்லை என்பதற்கு, நாங்கள் எல்லோரும் இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்திருந்தோம் என்பதும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்தை எடுங்கள். 2019 ஏப்ரல் இறுதியில் துணைவேந்தர் பேராசிரியர் விக்னேஸ்வரன் பதவிக்காலம் முடியும் முன்பே ஜனாதிபதியால் நீக்கப்பட்டார். துணைவேந்தருக்குப் பதிலாக 'தகுதிவாய்ந்த அதிகாரி' என்ற தற்காலிகப் பொறுப்பாளர் ஒருவரை வைத்து ஒரு வருடத்துக்கு மேல் பல்கலைக்கழகம் நடந்தது. 2020 ஓகஸ்டில்தான் அடுத்த துணைவேந்தர். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இயந்திரம் கொண்டு இடிக்கப்பட்டது. துணைவேந்தர் மேலிடத்து அழுத்தம் என்றார். மேலிடமோ அது பல்கலைக்கழக நிர்வாகத்தின் முடிவு என்றது. மாணவர் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்று நாளில் அதே துணைவேந்தர் விடியற்காலையில் வந்து திரும்பக் கட்ட அடிக்கல் வைத்தார். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மேலிடம்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தப் பென்சில் கோடு ஞாபகம் வந்தது. இவ்வளவு பெரிய ஒரு காரியத்துக்கு யார் உத்தரவிட்டது என்று எந்தக் கோப்பில் தேடுவது? அந்தக் கோப்பு இருக்குமா?

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஏறத்தாழ 100 நாள் வேலைநிறுத்தம் செய்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்ற கோரிக்கைதான் எல்லோருக்கும் ஞாபகம். பல்கலைக்கழகங்களில் அரசியல் தலையீட்டை நிறுத்து என்பதும் அதில் ஒன்று. அதற்கு முதல் வருடம்தான் புதுமுக மாணவரை இராணுவ முகாம்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், பல்கலைக்கழகப் பாதுகாப்பு வேலையைப் பாதுகாப்பு அமைச்சோடு சேர்ந்த கம்பனிக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த 100 நாளும் எங்கள் வளாகம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. சம்பளத்துக்காகப் போராடுகிறார்கள் என்று பஸ்ஸில் சனம் பேசியதைக் கேட்டுக் கொதித்திருக்கிறேன்.

வெளியாள் ஒருவர் பார்த்தால் என்ன வித்தியாசம் என்பதற்குப் பெறாமகளின் தோழியே சாட்சி. பொறியியல் பட்டங்களைச் சோதிப்பது இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம். பொறியியலாளர்களே தங்கள் தலைவரைத் தெரிவு செய்யும் அமைப்பு. 2014இல் அது வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அது அங்கீகரித்த பட்டத்தை உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளின் அமைப்புகளும் தங்கள் பட்டம்போல ஏற்கும். அதற்கு விலை உண்டு. ஆய்வுகூடம் சரியில்லை என்றால், ஆசிரியர் போதாது என்றால் அவர்கள் தயங்காமல் சொல்வார்கள், பீடம் ஓடித் திரிந்து திருத்த வேண்டும். எங்கள் ஊரில் அது நடக்காது என்று சொல்பவர்களுக்கு இது பதில். நடக்கிறது, இங்கேயே, மொறட்டுவையில்.

மருத்துவத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். மாலபேயில் இருந்த தனியார் மருத்துவக் கல்லூரி சைட்டத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் 2011இல் வர்த்தமானியில் வந்தது. தரம் போதாது என்றது இலங்கை மருத்துவ சபை. ஒரு கை கதவைத் திறந்துவிட, மறு கை மூடிப் பிடித்தது. 2017 ஜனவரி 31ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம், அங்கே பட்டம் பெற்றவரை மருத்துவராகப் பதிவு செய் என்று மருத்துவ சபைக்குச் சொன்னது. அரச மருத்துவ பீட மாணவர் மாதக்கணக்காக வகுப்புக்குப் போகவில்லை. கடைசியில் அந்தக் கல்லூரியையே மூடி, பிள்ளைகளைக் கொத்தலாவலப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார்கள். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் அழுதார்கள். சோதிப்பவரின் சொல்லை முதலில் கேட்டுவிட்டு அனுமதியைப் பிறகு கொடுத்திருந்தால் அத்தனை வருடங்கள் வீணாகியிருக்காது.

படிவத்துக்கு வருகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெறாமகள் திரும்ப மேசைக்கு வந்தாள். "ஆம் எண்டு போட்டால் ஆர் கண்டது சின்னம்மா?" என்றாள். ஆசையில் கேட்டாள், பிழையான பிள்ளையில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். இல்லை. அந்த அமைப்பு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதன் 7 உறுப்பினர்களையும் ஜனாதிபதி நியமிக்கிறார். பாடநெறி மீளாய்வு வேறு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களால் செய்யப்பட்டது, அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. பட்டச் சான்றிதழையும் புள்ளிச் சான்றிதழையும் அத்தாட்சிப்படுத்த அடுத்த நாள் 177இல் ஏறிப் பத்தரமுல்லைக்கு, சுஹுருபாயவில் உள்ள வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குப் போனோம். அங்கே குத்தும் முத்திரை, கையொப்பம் உண்மையானது என்று மட்டும்தான் சொல்லும். கையொப்பத்துக்கு மேலே எழுதியிருப்பதற்கு அது பொறுப்பில்லை.

இந்தக் கிழமை பதில் வந்திருக்கிறது. மறுக்கவில்லை. ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டமும் வேண்டுமாம், அதோடு அவர்களுடைய பரீட்சை ஒன்றுக்கும் இருக்க வேண்டுமாம். ஆய்வுகூடம் காத்திருக்கச் சம்மதித்திருக்கிறது. பழைய கொப்பிகளை எல்லாம் அலுமாரியிலிருந்து இறக்கி மேசை முழுக்கப் பரப்பி வைத்துப் படிக்கிறாள். நேற்றிரவு தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"சின்னம்மா, அந்த மூண்டு பேரின்ர பெயரும் ஞாபகம் இருக்கோ?"

இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொருவரும் அன்று சொன்ன காரணத்தையும் சொன்னேன், மூன்று பந்திகளாக.